சட்டை இழுத்துப்போன அதிகாரி

சூரியத் திருவிழாவின் காலையில், வாமான்பாத்தா நகரத்துச் சதுக்கத்தில், உலகத்தின் நான்கு பாகங்களுக்கும் உரியவரான இன்கா பேரரசரின் பிரதிநிதியும் அந்த மாகாணத்தின் அதிகாரியுமான உர்க்கோ மைத்தா, "எங்களுக்கு முன்னால் இந்த மலைகளில் எதுவும் இருக்கவில்லை" என்ற வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அவர் போட்டிருந்த சட்டை அவரைத் தென்கிழக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

முதலில் யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை. பேச்சின் நடுவில் அதிகாரிகள் எழுந்து போவது உண்டுதான். அவர் மேடையிலிருந்து இறங்கி, சோளக் கள் பானைகளின் வரிசையில் இரண்டை உடைத்து, லாமா மந்தைக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, குதிகால்கள் மண்ணை உழுதுகொண்டு வர, சட்டையின் மார்புப் பகுதி காற்றில்லாத காலையில் கூடாரம்போல விடைத்து முன்னே போக, தான் மட்டும் பின்னால் சாய்ந்தபடி சதுக்கத்தின் எல்லையைக் கடந்தபோதுதான், உருளைக்கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"ஐயா போகலை. சட்டைதான் போகுது."

"எங்கே?"

"ஏரிப் பக்கமா."

அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை.

முழங்கால் வரை தொங்குகிற, கையில்லாத அந்தச் சட்டை அதே ஊரில்தான் நெய்யப்பட்டது. பாக்சி என்கிற நெசவுக்காரி, தண்ணீர்கூட இறங்காத அளவுக்கு நெருக்கமாக அதை நெய்து வரியாகக் கொடுத்தாள். அது லாமாவின் முதுகில் தலைநகருக்குப் போய், அங்கே ஒரு கிடங்கில் மற்ற மாகாணங்களின் சட்டைகளோடு கிடந்து, கிடங்கின் வாசனையை ஏற்றிக்கொண்டு, பிறகு இன்காவின் கை பட்ட பரிசாக அதே லாமாப் பாதையில் வாமான்பாத்தாவுக்கே திரும்பி வந்தபோது உர்க்கோ மைத்தா மண்டியிட்டு அழுதார். தலைநகரத்துக் கைத்திறன் எப்பேர்ப்பட்டது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார், பாக்சியிடமும் சொன்னார்.

சட்டை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சின்னம். ஏறுகிற படிக்கட்டு, இரண்டு தலைப் பறவை, வாய் பிளந்த பூமா. நடுவில், தலையைச் சுற்றிக் கதிர்கள் நிற்க, இரண்டு கைகளிலும் கோல் பிடித்து, கண்ணுக்குக் கீழே கண்ணீர்க் கோட்டோடு நேராகப் பார்க்கிற ஒரு உருவம். இந்தச் சின்னங்களையெல்லாம் சூரியன் தன் மகனான முதல் இன்காவுக்குச் சொல்லிக்கொடுத்தான் என்பதும், அதற்கு முன்னால் மக்கள் குகைகளில் இலை கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பச்சையாகத் தின்றுகொண்டிருந்தார்கள் என்பதும் அரசாங்கத்தின் நிலைப்பாடு. திருவிழாதோறும் ஊர் அதைத் திருப்பிச் சொல்லும். கொள்ளுப்பாட்டியின் உடலை இதே சின்னங்கள் போட்ட துணியில் சுற்றிக் குகையில் உட்காரவைத்திருந்த குடும்பங்களும் சேர்ந்து சொல்லும், ஏனென்றால் சொல்லி முடித்தவர்களுக்குத்தான் கள் ஊற்றுவார்கள்.

அன்றைக்கு நான்கு படைவீரர்கள் ஓடிப்போய் அதிகாரியைப் பிடித்தார்கள். சட்டை நால்வரையும் சேர்த்து இழுத்தது. தலைவழியாகக் கழற்றப் பார்த்தார்கள். கழுத்து இறுகி அவர் முகம் கருஞ்சிவப்பானது. படைத்தலைவன் கத்தியை எடுத்தான். அப்போது அரசாங்கக் கதைசொல்லியான சோக்கே குறுக்கே வந்தான். வம்சாவளிகளையும் வெற்றிகளையும் தோற்றுப்போன போர்களின் வெற்றிகளையும் மனப்பாடமாகச் சொல்வது அவன் வேலை.

"இன்காவின் கை பட்ட துணி. அதை வெட்டினால் இன்காவின் கையை வெட்டியதாகும்" என்றான்.

கத்தி உறைக்குள் போனது. தொண்டை இறுகிக்கிடந்த உர்க்கோ மைத்தா, இழுபட்டுக்கொண்டே, "சரியாகச் சொன்னான்" என்று பாராட்டினார்.

பிறகு நெசவுக்காரியைக் கூப்பிட்டு வரச் சொன்னார்கள். பாக்சிக்கு நடுவயது, தடித்த மணிக்கட்டு, மற்றவர்கள் நெய்ததைப் பார்த்தால் மூக்கைச் சுருக்குகிற குணம். அவள் இந்த ஊர்க்காரி இல்லை. ஏரிக்கரை மக்கள் அடங்காதவர்கள் என்று சொல்லி, அவர்களில் பாதிப் பேரை நாற்றுப் பிடுங்குவதுபோலப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து நட்ட காலத்தில் வந்தவள். வந்தவர்கள் ஆற்றுப்பாலத்தைத் தாண்டித் திரும்பிப் போகக் கூடாது என்பது சட்டம். உண்மையில் பட்டியலில் இருந்தது அவள் தங்கை கந்துத்தா. ஆள் எடுக்க வந்த அன்று கந்துத்தா மேய்ச்சல் மேட்டில் ஒளிந்துகொண்டாள். தலை எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமே என்று அக்காவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தங்கையின் பெயரை பாக்சி யார் முன்னாலும் சொன்னதில்லை.

அவள் மூச்சிரைக்க ஓடிவந்து அதிகாரியின் பக்கத்தில் நடந்தாள். நின்று பேச வழியில்லை.

"என்ன செய்து வைத்திருக்கிறாய்?" என்றார் அவர்.

"நெய்து வச்சேன், எசமான்."

"இந்த நடுவில் இருக்கிற ஆள் யார்?"

"தெரியாதுங்க."

"தெரியாமலா நெய்தாய்?"

"எங்கம்மா நெய்வா. அவளுக்கு அவ அம்மா காட்டிக்குடுத்தா. யாருன்னு யாரும் கேட்டதில்லை. கண்ணுக்குக் கீழே கண்ணீர் போடணும், மறந்தா விரல்ல அடி விழும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அதை விடு. சூரியன் சொல்லிக்கொடுத்தது என்று சொல்."

"சூரியன் சொல்லிக்கொடுத்தது."

சட்டை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. உர்க்கோ மைத்தா முழங்காலில் விழுந்து, கொஞ்ச தூரம் அப்படியே போய், தட்டுத்தடுமாறி எழுந்தார்.

"வேண்டாம்" என்றார். "சொல்லாதே."

அந்தக் கணத்திலிருந்து அரசாங்க நிலைப்பாட்டை சட்டையின் காதில் விழும்படி யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவானது. சோக்கே வாயைப் பொத்திக்கொண்டு நடந்தான். உரை இல்லாமல் கள் மட்டும் கிடைத்த முதல் திருவிழா அது என்பதால் ஊரே சந்தோஷமாகப் பின்னால் வந்தது.

பாலம் வந்ததும் பாக்சி நின்றாள். "எனக்கு இதுக்கு மேல அனுமதி இல்லைங்க."

"நான் அனுமதிக்கிறேன். கூடவே வா, அதனிடம் பேசு, கெஞ்சு, என்னவாவது செய். போய்ச் சேருகிற இடம் வரை அது நிற்கவில்லையென்றால் உன்னை மலைமுகட்டிலிருந்து தள்ளிவிடச் சொல்வேன்."

பாக்சி போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று படைவீரர்கள் நினைத்தார்கள். அவளுக்கோ சிரிப்பை மறைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஊர் இருந்தது.

ஒரு பேரரசில் நடக்கிற எதுவும் காரணமில்லாமல் நடக்கக் கூடாது என்பதால், அடுத்த நாளே இது மாகாணச் சுற்றுப்பயணம் ஆகிவிட்டது. அஞ்சல் ஓட்டக்காரர்கள் முன்னால் ஓடி, அதிகாரி வருகிறார், இன்ன நேரத்துக்கு வருவார் என்று சொல்ல முடியாது, நிற்கவும் மாட்டார் என்று கிராமங்களுக்கு அறிவித்தார்கள். கிராமங்கள் பாதையைப் பெருக்கின. வறுத்த சோளத்தை அவர் வாயில் வீசும் தூரத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பல்லக்குக்காரர்கள் வெறும் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்தார்கள், ஏனென்றால் பல்லக்கில் உட்காரவைத்த இரண்டு தடவையும் சட்டை அவரைத் திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே எடுத்துப் போட்டது. முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைக்கிறவர், இதற்கு எந்த நிறக் கயிறு என்று தெரியாமல், கடைசியில் 'சாலைப் பராமரிப்பு' கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார். நடக்கப் பிந்துகிற குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கிவந்து சட்டையின் ஓரத்தைத் தொடவைத்தார்கள். அந்த வருஷம் அந்தப் பாதை நெடுகக் குழந்தைகள் சீக்கிரம் நடந்தன, சில வீட்டை விட்டே நடந்துபோய்ப் பிடித்துவரப்பட்டன. தலைநகரத்திலிருந்து பதில் வந்தது: இன்காவின் பிரதிநிதி மக்களிடையே நடந்து செல்வது அறிந்து மகிழ்ச்சி.

சூரியன் இறங்கியதும் சட்டை நின்றுவிடும், காலையில் முதல் வெயில் பட்டதும் கிளம்பும். இந்த ஒரு விஷயத்தில் அது அரசாங்கத்தோடு ஒத்துப்போனதாக சோக்கே நினைத்துக்கொண்டான்; வாயைத் திறந்து சொல்லவில்லை.

கிராமத்துக்குக் கிராமம் சட்டையைப் பார்த்தவர்கள் உரிமை கொண்டாட ஆரம்பித்தார்கள். படிக்கட்டு எங்கள் வயல்களின் படிக்கட்டு என்றார்கள் மேல் ஊர்க்காரர்கள். அது எங்கள் ஆற்றின் அலை, சரியாகப் பார்க்கத் தெரியாதவர்கள் படி என்பார்கள் என்றார்கள் கீழ் ஊர்க்காரர்கள். இரண்டு ஊரும் கல்லெறிந்துகொண்டு, இரண்டு பக்கமும் தலை உடைந்த பிறகு, ஒரு குயவன் தன் வயலில் கிடைத்ததென்று ஒரு உடைந்த பானையைக் கொண்டுவந்தான். அதில் அதே இரட்டைத்தலைப் பறவை. யார் செய்தது என்று மேல் ஊருக்கும் தெரியவில்லை, கீழ் ஊருக்கும் தெரியவில்லை. சோக்கே சைகை காட்ட, பானையைப் புதைத்துவிடுவதற்காகப் படைவீரர்கள் குழி தோண்டினார்கள். இடுப்பளவு தோண்டியதும் உள்ளே இன்னொரு பானை இருந்தது, இன்னும் பழசு, மண்ணேறிக் கறுத்தது, அதிலும் அதே பறவை. எல்லோரும் குழியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டலாமா என்று குயவன் கேட்டான். இரண்டு பானைகளையும் உள்ளே போட்டு மூடினார்கள். ஏமாற்றமடைந்த இரண்டு ஊர்களும், அந்தப் பெயர் தெரியாதவர்கள் மீது சேர்ந்து கோபப்பட்டு, சமாதானமாயின.

ஏரி நெருங்குவதற்கு முந்தின நாள் பிற்பகல், கூட்டம் ஓடை ஒன்றைத் தாண்டுவதற்காகப் பின்தங்க, அதிகாரியும் பாக்சியும் மட்டும் புல்வெளியில் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய செருப்புகள் என்றைக்கோ தேய்ந்துபோயிருந்தன. தங்கத் தோடுகளின் கனத்தில் காதுகள் தோள்வரை ஆடின. அவர் திடீரென்று தணிந்த குரலில் சொன்னார்:

"எங்கள் பள்ளத்தாக்கிலும் இந்தப் பறவை இருந்தது."

பாக்சி அவருக்கு ஈடுகொடுக்க நடையை எட்டிப்போட்டாள்.

"நாங்களும் பிறப்பால் இன்கா குலம் இல்லை. என் தாத்தா காலத்தில் தோற்றோம். சமர்த்தாகத் தோற்றோம் என்று இன்காக்களைப்போலத் தோடு போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக் கதவுக்கு மேலே கல்லில் இருந்தது, இரண்டு தலை. சின்ன வயதில் அதற்கு நான் பெயர்கூட வைத்திருந்தேன்."

சட்டை தளர்ந்தது. விடைத்திருந்த மார்பு இறங்கி, அவர் உடம்பில் சாதாரணத் துணிபோலத் தொங்கியது. உர்க்கோ மைத்தா இரண்டடி தானாக நடந்து, நின்றார். புல்லும் காற்றும் தவிர வேறு சத்தமில்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் தன் கால்களைப் பார்த்தார்.

"நின்றுவிட்டது" என்றார்.

பாக்சியும் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அது விட்டுவிடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் இரண்டு வார்த்தை அவர் சொன்னால் எல்லோரும் இங்கேயிருந்தே திரும்பிவிடுவார்கள் என்பதும் புரிந்தது. தொலைவில், மலைகளுக்கு நடுவே, ஏரியின் நீலம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அவள் குனிந்து வணங்கினாள்.

"அப்படியெல்லாம் பேசக் கூடாது, எசமான்" என்றாள் பணிவாக. "பின்னாடி சோக்கே ஐயா வந்துக்கிட்டு இருக்காரு. காதுல விழுந்துட்டா தலைநகரத்துக்குப் போயிடும். தோட்டை வாங்கிக்கிட்டாங்கன்னா வீட்டுல என்ன சொல்வீங்க?"

உர்க்கோ மைத்தா திரும்பிப் பார்த்தார். ஓடைக்கு இந்தப் பக்கம் கதைசொல்லியின் தலை தெரிந்தது. அவர் முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, தேவைக்கு மேல் உரக்க, "இந்தப் பறவையை சூரியனுக்கு முன் யாரும் அறியார்" என்றார்.

சட்டை அவரைக் காற்றில் தூக்கிக்கொண்டு ஓடியது. பாக்சி போர்வையைச் சரிசெய்துகொண்டு பின்னால் நடந்தாள். அன்று அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்ததாகப் பிறகு பல்லக்குக்காரர்கள் சொன்னார்கள்.

ஏரிக்கரையில் மரமில்லாத சமவெளியில் பழங்கற்கள் சில நின்றன. யார் வெட்டியது, எப்படித் தூக்கியது என்று அங்கேயே பிறந்தவர்களுக்கும் தெரியாது. அவர்கள் அவற்றில் லாமாக்களைக் கட்டுவார்கள். கற்களின் நடுவே ஒற்றைப் பாறையில் குடைந்த ஒரு வாசல். வாசலுக்கு மேலே, தலையைச் சுற்றிக் கதிர்களோடு, இரண்டு கையிலும் கோலோடு, கண்ணுக்குக் கீழே கண்ணீரோடு, அதே உருவம். அதன் மீது படர்ந்திருந்த பாசி எந்த இன்காவின் வயதையும்விட மூத்தது என்பது லாமா மேய்ப்பவனுக்கும் தெரிந்தது.

சட்டை உர்க்கோ மைத்தாவை நேராக அங்கே கொண்டுபோய், அவர் மூக்கு கல்லில் இடிக்கும்படி நிறுத்தி, பிறகு ஒரு தாய் குழந்தைக்குச் செய்வதுபோல அவர் கைகளை உயர்த்தி, தலைவழியாக உருவிக்கொண்டு, தரையில் இறங்கி, வாசலின் கீழே முகம் மேலே பார்க்கப் படுத்துக்கொண்டது. மாகாணத்தின் அதிகாரி ஒரு கோவணத்தோடும் தங்கத் தோடுகளோடும் ஏரிக்காற்றில் நின்றார். பல ஊர்களிலிருந்து பின்தொடர்ந்து வந்திருந்த கூட்டம் மொத்தமும், மரியாதை கருதி, மலைகளைப் பார்க்க ஆரம்பித்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து, தன் தோளிலிருந்த முரட்டுக் கம்பளியை எடுத்து அவர் மேல் போட்டாள். "குளிருமில்ல" என்றாள். திரும்பியவள் பாக்சியைப் பார்த்து நின்றாள்.

சோக்கேயால் இனி பொறுக்க முடியவில்லை. பாதை முழுக்க அடக்கிவைத்த பேச்சு அவன் வாயிலிருந்து அணை உடைந்ததுபோல வந்தது: முதல் இன்கா, தான் பிறப்பதற்கு முன்பே, இந்த இடத்துக்கு வந்து, பின்னால் தேவைப்படும் என்று இந்த உருவத்தை வரைந்துவைத்துப் போனார்; பிறகு போய்ப் பிறந்தார். கூட்டம் சட்டையைப் பார்த்தது. சட்டை அசையவில்லை. வரவேண்டிய இடத்துக்கு அது வந்துவிட்டது. இனி யார் என்ன சொன்னாலும் அதற்கு ஒன்றுமில்லை. கள் ஊற்றப்பட்டது. பிறப்பதற்கு முன்பே என்று கூட்டம் திருப்பிச் சொன்னது.

தெம்பு வந்த உர்க்கோ மைத்தாவுக்கு மலைமுகடு நினைவுக்கு வந்தது. படைவீரர்கள் பாக்சியின் இரண்டு கைகளையும் பிடித்தார்கள்.

"தள்ளிவிடுங்க, எசமான்" என்றாள் அவள். "சட்டை இப்ப படுத்திருக்கு. நான் போனப்புறம் அது எழுந்து உங்க பின்னாடியே வாமான்பாத்தாவுக்கு நடந்து வந்துதுன்னா, யாரைக் கூப்பிடுவீங்க?"

அதிகாரி கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். சட்டை எழுந்து வருவது அவர் கண்முன் தெரிந்தது. சாலை நெடுகப் பெண்கள் இம்முறை சோளம் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. கடைசியில், இன்காவின் சட்டைக்குக் காவலாக ஒரு ஆள் என்றென்றைக்கும் இங்கேயே இருக்க வேண்டும் என்றும், அந்தப் பதவிக்குரியவள் பாலத்தைத் தாண்டித் திரும்பி வருவது குற்றம் என்றும் உத்தரவு போட்டார். தண்டனை கடுமையானது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாக்சி மறுபடியும் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு அக்காவும் தங்கையும் வாசல் கல்லின் நிழலில் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். கம்பளி போட்ட கந்துத்தாவின் முன்தலை நரைத்திருந்தது.

"உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனப்ப நான் மேட்டுல இருந்து பார்த்தேன், அக்கா" என்றாள்.

"தெரியும். உன் சிவப்புத் துண்டு தெரிஞ்சுது."

"அப்ப ஏன் காட்டிக்குடுக்கலை?"

பாக்சிக்கே அது தெரியாது. வருஷக்கணக்காக, தறியில் பாவு இழுக்கும்போதெல்லாம், காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"ஓடிவந்துடுவேன்னு நினைச்சேன்" என்றாள். "நீயா வருவேன்னு."

கந்துத்தா தரையைப் பார்த்தாள். ஏரியில் நாணல் படகு ஒன்று மெதுவாகப் போனது. கொஞ்சம் கழித்து அவள் மடியிலிருந்து வேகவைத்த உருளைக்கிழங்கை எடுத்து, தோலை உரித்து, நடுவில் வைத்தாள். பாக்சி அதை எடுக்கச் சற்று நேரமானது. எடுத்தாள்.

தலைநகரம் உர்க்கோ மைத்தாவுக்கு இன்னொரு சட்டை அனுப்பியது, வேறு யாரோ ஒருத்தி நெய்தது, அதே சின்னங்கள். அது இழுக்கட்டும் என்று காத்திராமல் அவர் அதை மாட்டிக்கொண்டு தானாகவே ஏரியைப் பார்த்து நடந்தார். கம்பீரமாகக்கூட இருந்தது என்கிறார்கள். அவருக்குப் பின் வந்த அதிகாரியும் நடந்தார், அவருக்குப் பின் வந்தவரும். சாலைக்குக் கல் பாவினார்கள், வழியில் கிடங்குகள் கட்டினார்கள், புதுச் சட்டை பெறுகிற ஒவ்வொரு அதிகாரியும் பழங்கற்களுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிவைத்து வர வேண்டும் என்பது சூரியனே முதல் இன்காவுக்குச் சொன்ன முறை என்று சோக்கேயின் மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். வாசலுக்குக் கீழே சட்டைகள் அடுக்காகச் சேர்ந்தன. பாக்சி அவற்றைப் பூச்சி அரிக்காமல் வெயிலில் உதறிப்போட்டு, யார் யார் நெய்தது எவ்வளவு மோசம் என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் மிகவும் இளவயதான அதிகாரி ஒருவர் வந்தார். சட்டையைக் கழற்றிவைத்த பின்னும், அவர் கல்லையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கதிர்களையும், கோல்களையும், கண்ணீரையும், பாசியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதை யார் செய்தது, அம்மா?" என்று கேட்டார்.

"நீங்கதாங்க, எசமான்" என்றாள் பாக்சி.

அவர் முகம் மலர்ந்தது. அவள் கற்களுக்குப் பக்கத்திலிருந்த தன் குடிசைக்குள் போனாள். கந்துத்தா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல் கேட்டாள்:

"இந்தத் தடவை வந்தவன் எப்படி?"

"சந்தோஷமா இருக்கான். ஒரு கம்பளி குடு, வெளியே அம்மணமா நிக்கிறான்."